செருப்பக் கழட்டிட்டு வாடா, பேராண்டி

வாப்பா பேராண்டி, வா. சித்திரை வெயில்ல பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து வந்துருக்க. மொதல்ல அந்தச் செம்புத் தண்ணியக் குடி. அப்பறம் ஒன் மடியில இருக்குற பெட்டியத் தெற. அப்பத்தா மோர் கரைச்சுட்டு வாரதுக்குள்ள ஒன் சங்கதியப் பாத்துருவோம்.

என்னதுப்பா இது, எக்செல்லா? நம்ம வயலு மாதிரியே வரப்பு கட்டி வச்சுருக்க. ஆனா ஒண்ணுலயும் பயிரக் காணோம், பூராம் நம்பரா நிக்குது. தலைப்பு என்ன... 'மூணு ஏக்கர்ல போர் போடலாமா, வேணாமா'. சபாசு. செலவு, பேங்கு வட்டி, கரண்டு, மழைச் சராசரி, பக்கத்துப் போரோட ஆழம், மகசூலு, நெல்லு வெலை, எல்லாம் சேத்து 14 கட்டம். ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு இத்தனைனு மார்க்கு. கடைசியில கூட்டிப் பாத்தா, போடலாம்னு 73, வேணாம்னு 71.

அடேயப்பா! ஒன் அப்பன் பள்ளிக்கூடத்துல 71 வாங்கிட்டு வந்த அன்னைக்கு நான் தெருவுக்கே ஆரஞ்சு மிட்டாய் குடுத்தேன். நீ அந்த 71-ஐத் தூக்கித் தூரப் போட்டுட்டு, ரெண்டு மார்க்கு கூட வந்துருச்சுன்னு நாலு லட்ச ரூவாயப் பூமிக்குள்ள எறக்கச் சொல்லுற.

சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்த மார்க்கெல்லாம் போட்ட வாத்தியாரு யாரு?

நீயேதானா? பரீட்சை எழுதுனவனும் நீ, பேப்பரத் திருத்துனவனும் நீ. அப்பறம் பாஸாகாம என்ன செய்யும்? பொண்ணு பாக்கப் போறவன் கதை மாதிரில இருக்கு. பொண்ணு மனசுக்குப் புடிச்சுப்போச்சுன்னா ஜோசியர் கட்டத்துல பத்துக்கு எட்டுப் பொருத்தம் தானா வந்து நிக்கும். புடிக்கலைன்னா 'ரஜ்ஜு தட்டுது'ம்பாங்க. நீ சென்னையில பஸ் ஏறும்போதே போர் போடணும்னு முடிவு பண்ணிட்ட. அதுக்குச் சாட்சி சொல்ல 14 பேரக் கூட்டியாந்துருக்க.

மூஞ்சியச் சுளிக்காத. கணக்குப் போட்டது தப்புன்னு நான் சொல்லல. கணக்குங்கறது கடப்பாரை. கடப்பாரை இல்லாம குழி தோண்ட முடியாது. ஆனா எந்த எடத்துல குத்தணும்னு கடப்பாரைக்குத் தெரியாதுல்ல.

"அப்ப எங்க குத்தணும்ங்குறதுக்கு ஒரு விதி சொல்லுங்கய்யா"ங்குற. சொல்லிரலாம். ஆனா அந்த விதிய எப்ப எடுக்கணும், எப்ப வைக்கணும்னு கேப்பியே, அதுக்கு இன்னொரு விதி வேணும். அதுக்கு மேல இன்னொண்ணு. சாட்சிக்குச் சாட்சி, அந்தச் சாட்சிக்கும் ஒரு சாட்சின்னு கோர்ட்டுக்கு ஊரையே லாரியில ஏத்துன கதையா முடியும். எங்கயோ ஒரு எடத்துல விதி நின்னு போகும், அங்கன ஒரு ஆளு நின்னு 'இது இப்படித்தான்'னு முடிவு பண்ணணும். அந்த ஆளுக்கு இருக்க வேண்டிய சரக்கப் பத்தித்தான் பேச்சு.

நம்ம பழமொழியவே எடுத்துக்க. 'காத்துள்ளபோதே தூத்திக்க'ங்குறான். பதறாத காரியம் செதறாதுன்னும் அவனேதான் சொல்லுறான். ரெண்டையும் சொன்னது ஒரே ஊரு, ஒரே திண்ணை. எவனாச்சும் கேட்டானா, எது மெய்யினு? கேக்க மாட்டான். ஏன்னா களத்துமேட்டுல நின்னவனுக்குத் தெரியும். காத்து ரொம்பக் கம்மியா இருந்தா பதரும் நெல்லும் ஒண்ணாவே கால்ல விழும். காத்து பலமா அடிச்சா பதரோட சேந்து நெல்லும் அடுத்தவன் களத்துக்குப் போயிரும். தூத்துற காத்து எதுன்னு முறத்தத் தலைக்கு மேல தூக்கி நிக்குறவனோட காதுக்கும் கன்னத்துக்கும் தெரியும். பழமொழியில அது எழுதியிருக்காது. காத்து இருக்குன்னு முறத்தத் தூக்குற பய பாதிப் பேரு, அது எந்தக் காத்துன்னு பாக்குறதே இல்ல.

ஒன் கம்பெனியில இதுக்கு வகுப்பு எடுத்தாங்களா? மூணு நாளா? ஸ்டார் ஓட்டல்லயா? வெள்ளிக்கெழம ஆரம்பிச்சு ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்குள்ள விவேகத்த முடிச்சுட்டாங்க, சர்டிபிகேட்டும் குடுத்துட்டாங்க. நானெல்லாம் 78 வருசமா ஒரே வகுப்புல ஒக்காந்து கெடக்கேன். இன்னும் பாஸு போடல.

என்னவோ பேரு சொன்னியே, 'ஃபுரோனசிஸ்'. ஒன் அய்யனுக்கு அது தெரியாதுன்னு நெனச்சுக்காத. ஒன் அப்பன் அலமாரியில அரிஸ்டாட்டில் புத்தகம் ஒண்ணு செல்லரிச்சுக் கெடந்துச்சு. ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரு மத்தியானம் மத்தியானம் வந்து வாசிச்சு அர்த்தம் சொன்னாரு. காப்பித்தண்ணி செலவு என்னுது. 'நிக்கோமாக்கஸ் அறவியல்'னு பேரு. அதுல ஆறாவது பகுதியில அந்த மனுசன் அறிவ அஞ்சு குதிருல பிரிச்சுக் கொட்டி வச்சுருக்காரு, நமக்கு அதுல மூணு போதும். என்னைக்கும் மாறாதத அறியுறது ஒரு குதிரு. முக்கோணத்தோட மூணு கோணத்தையும் கூட்டுனா 180 பாகை, அது ஐப்பசியிலயும் அதே, சித்திரையிலயும் அதே. ஒரு பொருளச் செய்யுற கைத்தொழிலு ரெண்டாவது குதிரு. பானை வனையுறது, வீடு கட்டுறது எல்லாம் அதுல சேத்தி. மூணாவது, இப்ப, இங்க, இந்த ஆளு கிட்ட, நான் என்ன செய்யணும்ங்குறது. அதுக்குத்தான் ஒன் ஃபுரோனசிஸ்னு பேரு. நம்ம பக்கம் அதுக்குப் பக்குவம்ங்குறோம், நெதானம்ங்குறோம். நீ மூணாவது குதிருல இருக்க வேண்டியத மொதக் குதிருல கையவிட்டுத் தேடுற. அதான் சங்கதி.

அந்த ஆளு நம்ம ஆளுடா. கோழிக்கறி ஒதாரணம் சொல்லியிருக்காரு பாரு, எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. 'எளிதா செரிக்குற கறி ஒடம்புக்கு நல்லது'னு ஒருத்தனுக்குத் தெரியும், ஆனா எந்தக் கறி எளிதா செரிக்கும்னு தெரியாது. இன்னொருத்தனுக்குத் தத்துவம் கித்துவம் ஒண்ணும் தெரியாது, கோழிக்கறி நல்லதுன்னு மட்டும் தெரியும். நோயாளியத் தேத்துறவன் ரெண்டாவது ஆளுதாங்குறாரு. அவரு அப்பா வைத்தியராம். அதான் புத்தி சரியா கோழியில போய் நின்னுருக்கு. ஒன் அப்பத்தா இதப் படிக்காமலேயே ஒனக்குக் காய்ச்சல் வந்தப்பெல்லாம் நாட்டுக்கோழி ரசம் வச்சுக் குடுத்தவ.

அதே புத்தகத்துல இன்னொண்ணும் இருக்கு. சொன்னா கோவிச்சுக்குவ. சின்ன வயசுப் பய கணக்குல புலியாகலாம், விவேகியாக முடியாது, ஏன்னா அதுக்குத் தனித்தனியா ஒவ்வொரு காரியத்தையும் பட்டுப் பாத்துருக்கணும், அதுக்கு வருசம் வேணும்ங்குறாரு. நான் சொல்லலப்பா, 2,300 வருசத்துக்கு முந்தி கிரேக்கத்துக்காரரு சொன்னது.

அப்ப அவரு கிட்டப் படிச்சவனெல்லாம் விவேகியானானான்னு கேட்டா, அதுவும் இல்ல. அலெக்சாண்டருக்குச் சின்ன வயசுல இவருதான் வாத்தியாரு. அந்தப் பய பாதி ஒலகத்தச் சுருட்டிட்டு பியாஸ் ஆத்தங்கரை வரைக்கும் வந்து, 'இன்னும் போலாம்'னான். படை பூராம் 'போதும் சாமி'னு ஒக்காந்துருச்சு. எங்க நிறுத்தணும்னு வாத்தியாரு பாடம் எடுத்த ராசாவுக்குத் தெரியல, கால்ல கொப்புளம் போட்ட சிப்பாய்க்குத் தெரிஞ்சுச்சு. 32 வயசுல ராசா போய்ச் சேந்துட்டாரு. பாடத்தக் குடுக்கலாம், பக்குவத்தக் கையில அள்ளிக் குடுக்க முடியாது.

நம்ம வள்ளுவரு கெட்டிக்காரரு. தெரிஞ்சு செய்யுறதுக்கு 47-ஆம் அதிகாரத்த வச்சுட்டு, ஒண்ணோட நிறுத்தக் கூடாதுன்னு அடுத்தடுத்து மூணு வச்சாரு. வலியறிதல், காலமறிதல், இடனறிதல். மயிலிறகு வண்டி ஒண்ணுல, கோட்டான் ஒண்ணுல, முதலை ஒண்ணுல. என் பலம் எம்புட்டு, இது எந்த நேரம், நான் நிக்குறது எந்த எடம். இந்த மூணுக்கும் பத்துக்குப் பத்துன்னு மார்க்குப் போட முடியுமா? ஒன் எக்செல்ல 'எடம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல எழுதியிருக்குறது சர்வே நம்பரு!

சரி, தத்துவத்த விடு. கண்மாய்க்கு வா.

நம்ம தமிழ்நாட்டுல ஏரி, கண்மாய்னு 39,000-க்கு மேல இருக்குன்னு கணக்கு. அதுல நம்ம ஊருக் கண்மாயும் ஒண்ணு. நான் வெவசாயத்துல எறங்குன காலத்துல இங்க ஒரு நீர்ப்பாச்சி இருந்தாரு. மடையத் தெறக்குறது, அடைக்குறது, வயலு வயலாத் தண்ணி பாச்சுறது பூராம் அவரு பொறுப்பு. ஆயக்கட்டுல அவருக்குக் காணி நெலம் கெடையாது. அதனாலதான் அவரு கையில மடையக் குடுத்தாங்க. அறுப்பு முடிஞ்சதும் களத்துல ஆளாளுக்கு நெல்லு அளந்து போடுவோம், அதான் அவருக்குக் கூலி.

ஐப்பசி, கார்த்திகையில கண்மாய் பெருகி வரும்போது அவரு படுற பாட்டப் பாத்துருக்கணும். மிச்சத் தண்ணி வழியுற நம்ம கலுங்குல வரிசையா கல்லு நட்டுருக்குல்ல, அதுக்கு நடுவுல மண்ணையும் புல்லுக்கட்டையும் அடைச்சா இன்னும் கொஞ்சம் தண்ணி தேங்கும். தைக்கு அது சோறு. ஆனா அடைச்சது அடைச்சபடி இருந்து ராத்திரி பெருமழை புடிச்சுட்டா, கரை ஒடைஞ்சு ஊருக்குள்ள தண்ணி வந்துரும். எடுத்துவிட்டுட்டு மழை பெய்யாம போச்சுன்னா, தையில பயிரு காஞ்சு ஊரே ஏசும். எத்தனை அடி வந்தா எடுக்கணும்னு ஒரு அளவு இருந்துச்சுதான். அவரு அந்த அளவ மட்டும் பாக்க மாட்டாரு. வடகிழக்குல மின்னலப் பாப்பாரு. மேல் கண்மாய் மறுகால் பாயுதான்னு சைக்கிள்ல ஆளு அனுப்புவாரு, ஏன்னா அது நெறைஞ்சு வழிஞ்சா அடுத்து நம்ம கண்மாய்க்குத்தான் வரணும். நடுச்சாமத்துல செருப்பில்லாம கரைக்குக் கீழ்ப்பக்கமா ஓரமாவே நடப்பாரு. கரையில கசிவு கண்டா, அது கண்ணுக்குத் தெரியுறதுக்கு முந்தி உள்ளங்காலுக்குச் சில்லுன்னு தெரியும்பாரு. ஒரு வருசம் அளவு வாரதுக்கு முன்னாடியே அடைப்ப எடுத்தாரு. அடுத்த வருசம் அளவு தாண்டியும் எடுக்கல. ரெண்டு வருசமும் அவரு சொன்னதுதான் சரியாப்போச்சு.

பட்டணத்துலயும் இந்தக் கேள்வி வந்துச்சே. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கத்துல நொடிக்கு 29,000 கன அடி தெறந்துவிட்டாங்க, அடையாத்துக் கரை பூராம் முழுகுச்சு. முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா விட்டுருக்கணும்னு இன்னைக்கு வரைக்கும் வழக்காடுறாங்க. 24 அடி ஏரியா இருந்தாலும் நம்ம குட்டிக் கண்மாயா இருந்தாலும் கேள்வி ஒண்ணுதான். எப்பத் தெறக்குறது?

இப்பத்தான் கதை வருது, மோரக் கீழ வை.

வெள்ளைப்பொன்னி நெல்லு வந்த புதுசு. அந்த வருசம் ஐப்பசி மழைக்குக் கண்மாய் முக்காலு கூடப் பெருகல. நீர்ப்பாச்சி வீடு வீடா வந்து சொன்னாரு. 'எல்லாரும் குறுகுன நாள் நெல்லாப் பாவுங்க, தண்ணி தாங்காது'ன்னாரு. ஊரே ஆடுதுறை 36 பாவுச்சு, அது 110 நாள்ல கைக்கு வந்துரும். ஒருத்தன் மட்டும், பொன்னிக்கு வெலை நல்லா இருக்குன்னு பீடிக்கட்டு அட்டையில கணக்குப் போட்டுப் பாத்துட்டு, 135 நாள் நெல்லப் பாவுனான். அவன் வயலு தலைமடை. மடை வாயிலயே இருக்கு. 'தண்ணி மொதல்ல எனக்குத்தான வரும், எனக்கென்ன'னு நெனப்பு.

தை பொறந்துச்சு. கண்மாயில அடியில கெடந்தது ஒரே ஒரு தடவை பாச்சுற தண்ணி. ஊரு வழக்கம் என்ன? தலைமடைக்கு மொதல்ல, கடைமடைக்குக் கடைசி. நீர்ப்பாச்சி என்ன செஞ்சாரு தெரியுமா? தலைமடைக்காரன் வாய்க்கால மண்ணு வச்சு அடைச்சுட்டு, தண்ணிய நேரா கடைமடைக்குக் கொண்டுபோனாரு. தலைமடைக்காரன் மம்பட்டியத் தூக்கிட்டு ஓடுனான். நீர்ப்பாச்சி ஒரு வார்த்தை ஏசல. கடைமடையில ஒரு தூரப் புடுங்கி, தண்ட நகத்தால கீறிக் காட்டுனாரு. உள்ள வெள்ளையா, பஞ்சு நூலு மாதிரி பிஞ்சுக் கதிரு. 'இது நெறமாசத்துல இருக்கு. ஒன் வயலு இன்னும் நாளே தள்ளல. ஒரு தண்ணியில இது பெத்துரும். ஒன்னுதுக்கு இன்னும் மூணு தண்ணி வேணும், நான் எங்க போக? கையில இருக்குறது ஒரு செம்பு. யாருக்குக் குடுக்கட்டும், நீயே சொல்லு'ன்னாரு.

ஊரு பூராம் வெளைஞ்சுச்சு. அந்த ஒரு வயலு மட்டும் வைக்கோலாப் போச்சு. வீட்டுக்காரன் வாயில பொன்னிச் சோறு போகல, மாட்டு வாயிலதான் பொன்னி வைக்கோலு போச்சு. களத்துல நீர்ப்பாச்சிக்கு எல்லாரும் அளந்தாங்க. அந்தத் தலைமடைக்காரன் ரோசத்துக்கு, கடன் வாங்கியாச்சும் அளக்குறேன்னு மரக்காலத் தூக்குனான். அவரு, 'வெளையாததுக்கு அளவு ஏதுப்பா'ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

அந்தத் தலைமடைக்காரன் யாருன்னு கேக்கலையே நீ? ஒன் அய்யன்தான். பீடிக்கட்டு அட்டையில நான் போட்ட கணக்குலயும் பொன்னிக்குத்தான் ரெண்டு மார்க்கு கூட வந்துச்சு.

அப்ப வழக்கத்த மீறுனவரெல்லாம் விவேகியான்னு கேட்டுராத, அங்கதான் நம்மாளுக வழுக்கி விழுவாங்க. அரிஸ்டாட்டில் புத்தகத்துல லெஸ்போஸ் தீவுக் கொத்தனாரப் பத்தி ஒரு சேதி இருக்கு. அவிங்க அளவுகோலு ஈயத்துல செஞ்சதாம். கோணக்கல்லு மேல வச்சா கல்லோட வளைவுக்கு அதுவும் வளைஞ்சு குடுக்கும். சட்டமும் சில எடத்துல அப்படி வளையணும்ங்குறாரு. ரொம்பச் சரி. ஆனா நம்ம பஞ்சாயத்துலயும் வளையுறாங்களே! ஒண்டிக்கட்டைக் கெழவியோட ஒத்தை ஆடு வயல்ல வாய வச்சா, 'சட்டம்னா சட்டம்'னு அபராதம். பிரசிடெண்டு மச்சானோட நாப்பது ஆடு மேஞ்சா, 'வாயில்லாச் சீவன், விடுங்கப்பா'. ஈயம் கல்லுக்கு வளைஞ்சுச்சு, இவன் ஆளுக்கு வளையுறான். நீர்ப்பாச்சி வளைஞ்சது பிஞ்சுக் கதிருக்கு. வளைச்சதுல அவருக்கு ஒரு படி நெல்லு கூட வரல, ஒரு படி கொறைஞ்சுதான் போச்சு. அத வச்சுத்தான் ஆள எடை போடணும்.

சாமர்த்தியம் வேற, விவேகம் வேற. மாட்டுச் சந்தையில தரகனப் பாத்துருக்கேல்ல. பல்லப் பாத்து வயசு சொல்லுவான், சுழியப் பாத்துக் குணம் சொல்லுவான், துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு வெலை பேசுவான். மாட்டப் பத்தி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்ல. கடைசியில கெழட்டு மாட்ட ஒன் தலையில கட்டிட்டுப் போயிருவான். அறிவுல கொறை இல்லப்பா, அது எதுக்கு ஒழைக்குதுங்குறதுலதான் கொறை.

வயசானா வந்துரும்னும் நெனைக்காத. நரைச்சதெல்லாம் விவேகம்னா, நம்ம ஊருக் கெழட்டுக் கழுதைக்கு எப்பயோ சிலை வச்சுருப்போம். தப்புப் பண்ணணும், அந்தத் தப்புக்குத் தன் மடியில இருந்து காச அவுக்கணும், அவுத்தத மறக்காம இருக்கணும். மூணாவதுதான் கஷ்டம். காசு போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். யாரு புத்தி கெட்டுப் போச்சுங்குறதத்தான் வசதியா மறந்துருவோம். நானும் பத்து வருசம் நீர்ப்பாச்சி மேலதான் பழியப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.

'கடைசியா போர் போடலாமா, வேணாமா, ஒரு வார்த்தையில சொல்லுங்கய்யா'ங்குற. சொல்ல மாட்டேன். நான் சொன்னா 15-ஆவது கட்டத்துல என்னையும் எழுதி, பத்துக்கு எத்தனைன்னு மார்க்குப் போட்டுருவ.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். 'பக்கத்துப் போரோட ஆழம்'னு ஒரு கட்டத்துல 450 அடின்னு எழுதியிருக்கியே, அது யாரு சொன்னது? போர் வண்டிக்காரனா? பூனைக்கிட்டப் பால் கணக்குக் கேட்டுட்டு வந்துருக்க. நம்ம வயலச் சுத்தி ஆறு போர் கெடக்கு. அதுல எத்தனை தண்ணி தருது, எத்தனை காத்தக் கக்குது, எந்தப் போரு எந்த மாசத்துல நின்னுச்சு, நின்னப்ப அந்த வீட்டுல எந்த நகை அடகுக்குப் போச்சுன்னு ஒன் பெட்டியில ஒரு வரி கூட இல்ல. அதச் சொல்ல ஆறு வீட்டுத் திண்ணை இருக்கு, நீ ஒண்ணுலயாச்சும் ஒக்காந்தியா?

இது சித்திரை. பூமி பொய் சொல்லாத மாசம். ஐப்பசியில வந்து பாத்தா எல்லாக் கெணறும் பணக்காரக் கெணறுதான்.

நாளைக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரி. ஆறு போரையும் பாத்துட்டு, அப்படியே கண்மாய்க் கரையில ஒரு நடை நடந்துட்டு வருவோம். லேப்டாப்பக் கொண்டாந்தாலும் சரி, கொண்டாராட்டியும் சரி. செருப்ப மட்டும் கழட்டிட்டு வா.